பேச்சி கிளம்பிட்டாளா?

தென்காசி கீழப்புலியூரில் ஆனந்தவள்ளியின் பியூட்டி பார்லருக்கு வருகிற எந்தக் கல்யாணப் பெண்ணும் அந்தக் கதையைக் கேட்காமல் போனதில்லை. பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டியதுமே ஆரம்பித்துவிடுவாள்.

"இலத்தூர்ல ஒரு கல்யாணம். ரெண்டாயிரத்து மூணு, ஆவணி மாசம். மேக்கப் எல்லாம் முடிச்சுப் பொண்ண எந்திரிச்சு நிக்கச் சொல்லியிருக்கேன். பொண்ணோட அப்பா உள்ள வந்தாரு. அவள ஏற எறங்கப் பாத்துட்டு என்கிட்டக் கேக்காரு, 'ஏம்மா, பேச்சி கிளம்பிட்டாளா?'ன்னு. பெத்த அப்பனுக்கே அடையாளம் தெரியல, பாத்துக்கோ!"

பெண்கள் சிரிப்பார்கள். கூட வந்த அம்மாக்களுக்கு முகம் மலரும். நம்ம பெண்ணையும் இந்த அம்மா அப்படி ஆக்கிவிடுவாள் என்று நம்பிக்கை வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக ஆனந்தவள்ளிக்கு அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை தேவைப்படவில்லை.

அவளுக்கே அந்தக் கதை பிடிக்கும். அப்போது அவளுக்கு முப்பது வயது. கணவர் புனலூரில் மரக்கடை வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். வீட்டின் முன்னறையில் ஒரு திரையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கண்ணாடியும்தான் பார்லர். முதன்முதலாக வெளியூர்க் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் அந்த இலத்தூர்க்காரர்கள்தான். விடியும் முன்பே வேன் அனுப்பியிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேக்கப் பெட்டியை நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு, குளத்துக்கரை வழியாகப் போனபோது தானே கல்யாணப் பெண் மாதிரி அவளுக்கு நெஞ்சு படபடத்தது. கல்யாண வீட்டுச் சுக்குக் காப்பியின் மணம்கூட இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்தக் கதையை அவளால் சொல்ல முடியாமல் போனது போன ஆனி மாதத்தில்.

இராமலட்சுமி என்று ஒரு கல்லூரித் தமிழாசிரியை. புருவம் திருத்திக்கொள்ள மாதம் ஒருதரம் வருவாள். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் வீடு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவள் வீட்டு மாடியில் எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்த மாதப் புத்தகத்தை பார்லரில் மறந்து வைத்துவிட்டுப் போனவள், போனில் சொன்னாள், "உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. முடிஞ்சா வாசிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழம நீங்களே கொண்டுட்டு வாங்க."

ஆனந்தவள்ளி வாரப் பத்திரிகை வாசிப்பாள். நாவல் என்று ஒன்றை முழுதாக வாசித்ததில்லை. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சும்மா பிரித்தாள்.

எங்கோ ஒரு தீவு. கரும்புத் தோட்டத்து ஊர். டெலியா என்று ஒரு கறுப்பினச் சிறுமி. அவள் அம்மா தினமும் காலையில் எலுமிச்சைத் தோலால் அவள் முகத்தைத் தேய்த்துத்தான் பள்ளிக்கு அனுப்புவாள். ஒருநாள் பள்ளியில் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிற வெள்ளைக்காரருக்குத் தாகமாம். டீச்சர் டெலியாவைக் கூப்பிட்டு, "நீதான் கெட்டிக்காரி, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வா" என்கிறாள். அவள் செம்போடு திரும்பி வரும்போது போட்டோ எடுத்து முடிந்துவிட்டது. நாற்பது வருஷம் கழித்து, அதே பள்ளி வராந்தாவில் மாட்டியிருக்கும் படத்தின் முன்னால் நின்று, அங்கே தரை துடைக்கிறவளிடம் அவள் சொல்கிறாள்: "இந்த நேரத்தில் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன்."

அந்த வரியில் ஆனந்தவள்ளி புத்தகத்தை மூடிவிட்டாள்.

வீரகேரளம்புதூரில் அவள் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஆண்டுவிழாவில் ஒரு நாடகம். பாண்டிய மன்னனின் மகளாக நடிக்க அவளுக்கு ஆசை. வசனம் முழுதும் மனப்பாடம். ஒத்திகைக்கு முந்தின நாள் டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி, "ஏட்டி, ஒனக்குத்தான் கையி நல்லா வரும். நீ எல்லாப் பிள்ளைகளுக்கும் பவுடர் போட்டு விடு" என்றாள். ஆனந்தவள்ளிக்கு அன்று எவ்வளவு பெருமை! மேடைக்குப் பின்னால் இருந்துகொண்டு, இளவரசி வசனத்தை மறந்தபோது எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அன்று ஆரம்பித்த தொழில் இது என்றுதான் எல்லாரிடமும் சொல்லுவாள். இளவரசியாக நடித்த பிள்ளையின் நிறம் என்ன, தன் நிறம் என்ன என்று முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருதரம்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

டீச்சர் நல்லவள்தான். அந்தத் தட்டலின் அன்பும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். சீசன் கூட்டம், ஐந்தருவிச் சாலையில் வேன்கள் நகராமல் நின்றன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியோடு நடந்து போகிறவர்களை விலக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினபோது உள்ளே சண்டை மாதிரிச் சத்தம் கேட்டது.

மாரிச்செல்வி என்ற நர்ஸ், "நான் இத முடிக்கலை. அந்த எலுமிச்சைத் தோலு வந்த எடத்துல தூக்கிப் போட்டுட்டேன். எங்கம்மா கடலமாவு தேய்ப்பா, தோலு எரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஜெகதீஸ்வரன் தலையை ஆட்டினார். "நீங்க எல்லாரும் ரொம்ப உணர்ச்சிவசப்படுதீங்க. அது வெள்ளைக்காரன் செஞ்ச கொடும. அடிமையா வித்தாங்க, வாங்கினாங்க. நம்ம ஊருல அப்படியா? நாம எல்லாருமே கறுப்புத்தான."

"அண்ணாச்சி, ஒங்க மகனுக்குப் பொண்ணு பாத்தப்ப ஜாதகத்தோட போட்டோவும் கேட்டீங்கள்லா? எதுக்குக் கேட்டீங்க?" என்றாள் மாரிச்செல்வி.

யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மூலையில் இருந்த குமரகுரு தொண்டையைச் செருமினார். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கூட்டத்துக்கு வந்தால் கேட்டுக்கொண்டிருப்பாரே தவிரப் பேச மாட்டாராம்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். ஒருதரம் பத்தொம்பது வயசுப் பிள்ளயக் காணோம்னு அவ அப்பா வந்தாரு. அறிவிப்புல எல்லாம் எழுதணும்லா? உயரம், உடுத்தியிருந்த துணி, நிறம். நான் கறுப்புன்னு எழுதினேன். அவரு எம் பேனாவப் புடிச்சுக்கிட்டாரு. 'மாநிறம்னு போடுங்கய்யா. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி நடக்கணும்'ங்காரு. காணாமப் போன பிள்ள, உசிரோட இருக்கான்னே தெரியாது. நானும் அடிச்சுட்டு மாநிறம்னு எழுதினேன். நல்ல வேள, மூணாம் நாளு அவளே வந்துட்டா. ஆனா அத வச்சுத் தேடுனவன் எவனுக்கு அவளத் தெரிஞ்சிருக்கும்?"

இராமலட்சுமி ஆனந்தவள்ளி பக்கம் திரும்பி, "நீங்க வாசிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வாசிச்சேன் டீச்சர்." "இவங்க எல்லாரும் அந்தப் பிள்ளைக்காக வருத்தப்படுதாங்க. நான் அந்த வேலயத்தான் செய்யிதேன். எவ்வளவு கறுப்பா வந்தாலும் மூணு ஷேடு ஏத்தித்தான் போட்டு அனுப்புவேன். அப்பனுக்கே அடையாளம் தெரியலன்னு சொல்லிச் சிரிச்சவ நான்."

அவளை யாரும் தேற்றவில்லை. தேற்றாமல் இருந்ததுதான் அவளுக்கு நல்லதாக இருந்தது. இராமலட்சுமி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வந்த கல்யாணப் பெண்ணுக்குத் துண்டைக் கட்டினாள். கதை வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்த அப்பா கேட்டபோது பேச்சித்தாயின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவே இல்லை. தன் சிரிப்பு நினைவிருந்தது, பேச்சியின் சித்திமார் சிரித்தது நினைவிருந்தது. அன்று மேக்கப் போடுகையில் பேச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, கைக்குப் போடலையா?" பிறகு கைக்கும் போட்டது, தாலி கட்டி முடிவதற்குள் வேர்வையில் கலைந்தது, முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக அவள் பந்தியில் உட்கார்ந்திருந்தது எல்லாம் வந்தது. கண்கள் மட்டும் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்லரைப் பூட்டிவிட்டு, அந்தப் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு இலத்தூருக்கு பஸ் ஏறினாள்.

பேச்சித்தாய் அதே ஊரில்தான் இருந்தாள். மாப்பிள்ளை சிவனணைந்தபெருமாள் ராணுவத்திலிருந்து திரும்பி வந்தபின் வயலைப் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். முற்றத்தில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்து, "யாரு, மேக்கப்பு அக்காவா? தலையெல்லாம் நரச்சுட்டே! உள்ள வாங்க" என்றாள். அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

காப்பி வந்தது. ஆனந்தவள்ளி வந்த விஷயத்தைச் சொல்லத் தடுமாறினாள். புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள், கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள், அந்தக் கதையை இத்தனை வருஷம் சொல்லித் திரிந்ததைச் சொன்னாள். "அன்னைக்கு ஒன்ன அப்படிச் செஞ்சது தப்பு தாயி. மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன்."

பேச்சித்தாய் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அத ஏங்க்கா தப்புங்கீங்க? அன்னைக்கு ஒருநாளுதான் எங்கம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. மணவடையில ஏறினதுலருந்து எறங்குத வரைக்கும் கண்ண எடுக்கல. அதுக்கு முந்தி எங்கம்மா என்னைய அப்படிப் பாத்து நான் பாத்ததே இல்ல. அக்காளப் பாப்பா, தங்கச்சியப் பாப்பா. கறுத்த பிள்ள நான், என்னையத் தாண்டித்தான் பார்வ போவும். அத நெனச்சு நெனச்சு எத்தன நாளு சந்தோஷப்பட்டிருப்பேன்! இப்ப நீங்க வந்து தப்புன்னா எனக்கு என்ன மிஞ்சும்?"

ஆனந்தவள்ளி காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா கேட்டப்ப?" என்றாள்.

"அது வலிச்சது," என்றாள் பேச்சித்தாய், சாதாரணமாக. "மூஞ்சியக் கழுவிட்டு வந்ததும் இவுக சொன்னாக, 'இப்பத்தான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இருந்த மாதிரி இருக்க'ன்னு. எனக்குக் கோவம் வந்துட்டு. அவ்வளவு அழகா இருந்திருக்கேன், அத ஒரு வார்த்த சொல்லலையேன்னு. இப்ப நெனச்சா சிரிப்பா வருது. அந்தப் பொஸ்தகத்த வச்சுட்டுப் போங்க. என்னதான் எழுதியிருக்கான்னு பாக்கேன்."

வாசித்து முடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒருநாள் காலையில் போன் வந்தது.

"அக்கா, முடிச்சுட்டேன். எனக்கு அந்தப் பிள்ள மேலத்தான் கோவம். அந்தப் படத்துக்கு முன்னால போய் நின்னு யாரோ ஒருத்திகிட்டச் சொல்லுதாளே, பெத்த அம்மா இருக்கும்போதே ஒரு வார்த்த கேட்டா என்ன? நான் கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"எங்கம்மா தங்கச்சி வீட்டுல இருக்கா. நேத்துப் போய், 'கல்யாணத்தன்னைக்கு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தியே, ஏம்மா?'ன்னு கேட்டேன். அவ சொல்லுதா, 'வேர்வையில பவுடரு கலஞ்சு மாப்ள வீட்டாளு பாத்துருவாகளோன்னு பயந்துக்கிட்டே பாத்தேன்'ங்கா."

இருபத்திரண்டு வருஷச் சந்தோஷத்தை ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து உடைத்துவிட்டோமே என்று ஆனந்தவள்ளிக்கு இருந்தது.

"பேச்சி... அழுதியாட்டி?"

"அழுதேன். அவளும் அழுதா. 'ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாதேட்டி, எனக்கு அந்த ஒரு பயந்தான்'னா. பெறகு என் மூஞ்சியக் கையில புடிச்சுக்கிட்டுப் பாத்தா. நல்லா வெளிச்சத்துல வச்சுப் பாத்தா. 'ஒனக்கு எங்கம்மா ஜாடை'ங்கா, எங்க ஆச்சி ஜாடையாம். இது வரைக்கும் யாரும் எனக்கு அதச் சொல்லலையேக்கா."

அந்தப் புரட்டாசியில் ஆனந்தவள்ளி புதிய ஷேடுகளை வாங்கி அலமாரியில் அடுக்கினாள். இப்போதெல்லாம் பெண்ணின் தாடையில் தொட்டுப் பார்த்து அவள் நிறத்துக்கே போடுகிறாள். சில அம்மாக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பார்லருக்குப் போகிறார்கள். வெளுக்கத்தான் வேண்டும் என்று அழுத ஒரு பெண்ணுக்கு அவள் கேட்டபடியே போட்டும் அனுப்பினாள். பேச்சித்தாய் சொன்னதைக் கேட்டபின் அவளால் மறுக்க முடியவில்லை.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு பேச்சித்தாய் குற்றாலத்துக்கு வந்தாள். ஐந்தருவிச் சாலையில் கூட்டம் இல்லை, கடைகள் பாதி சாத்தியிருந்தன. மாடியில் அவள் எழுந்து நின்றுதான் பேசினாள். உட்காருங்கள் என்று சொன்னாலும் உட்காரவில்லை. டெலியா மேல் தனக்கு இருந்த கோபத்தையும் அம்மாவிடம் கேட்டதையும் சொன்னாள். குமரகுரு குனிந்துகொண்டு கேட்டார். ஜெகதீஸ்வரன், "என் மருமகளும் இத வாசிச்சுக்கிட்டு இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

இறங்கி வரும்போது பேச்சித்தாய் கையில் அடுத்த மாதப் புத்தகம் இருந்தது. அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுலயும் அழ வச்சுருவாங்களாக்கா?"

"தெரியலட்டி, நானும் வாசிக்கல" என்றாள் ஆனந்தவள்ளி. இலத்தூருக்குப் போகிற பஸ் வரும்வரை இருவரும் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஆவணி மாதத்து அந்தச் சுக்குக் காப்பியைப் பற்றியும், அந்தக் காப்பியைப் போட்ட பேச்சித்தாயின் பெரியப்பாவைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.