ஈசானி மூலைக் குழியில் நின்ற தண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகளும் மருமகனும் வீடு கட்ட வாங்கிய மனை ராஜபாளையம் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் மண்ணைக் கொட்டி நிரவிய தரையில் கட்டியவர். அவர் வீட்டுச் சுவரில் ஏழு விரிசல்கள். அதைப் பார்த்த பிறகு மண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றேன். என் நச்சரிப்புத் தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து வந்தவர்கள் முக்காலி நட்டு, ஒரு குழாயைத் தரையில் நிறுத்தி, அதன் தலையில் இரும்பு எடையை ஒரே உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டார்கள். குழாய் ஓரடி இறங்க எத்தனை தடவை விழ வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அவர்கள் எண்ணினார்கள், நானும் எண்ணினேன். மேல்மண்ணில் ஒன்பது. ஐந்தடி ஆழத்தில் நாற்பத்தொன்று. செம்மண்ணும் சரளையுமாக இறுகிப்போன, யார் கையும் படாத மண்.

அவர்கள் தந்த பரிந்துரை எளிமையானது. ஐந்தடி தோண்டி, அந்த மண்ணின் மேலேயே தூண்களின் அடித்தளத்தை உட்கார வைக்கலாம்; மாடியும் எடுக்கலாம். ஆனால் குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நனைந்து இளகினால் இளகியதை வழித்தெடுத்து, அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். இதை மேஸ்திரிக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். மூன்று முறையும் "சரி சார்" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் முதலில் பூஜை, பிறகுதான் தோண்டுவது. சம்பந்தி வீட்டில் துக்கம் நேர்ந்ததால் பூஜை தள்ளிப்போனது. ஜேசிபி மட்டும் சொன்ன நாளில் வந்துவிட்டது. அதனால் பன்னிரண்டு குழிகளும் தோண்டிக் கிடக்க, வடகிழக்கான ஈசானி மூலைக் குழியில் பூஜை நடந்தது. தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டு, அது வலமாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். முழங்கை ஆழக் குழியென்றால் ஒரு குடம் போதும். இதுவோ ஐந்தடிக் குழி. பூ அசையவில்லை. சம்பந்தி இன்னொரு குடம் ஊற்றச் சொன்னார். பிறகு உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று ஊற்றினார்கள். மண்ணின் இறுக்கத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. பதினாறாவது குடத்துக்குப் பூ மெல்லத் திரும்பியது. எல்லோருக்கும் திருப்தி.

தண்ணீரை இறைத்ததும் சம்பந்தி நவதானியத்தைப் போட்டு, கலவையைக் கொட்டச் சொன்னார். நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. நான் கம்பியால் குழியைக் குத்திப் பார்த்தேன். நான்கு விரற்கடை இறங்கியது. மற்றக் குழிகளில் நுனிகூட இறங்கவில்லை. சேற்றை வழிக்காமல் கலவை போடக் கூடாது என்றேன்.

"தானியம் போட்ட மண்ண அள்ளி வெளிய எறியச் சொல்லுதிய. நல்லாருக்கா சம்பந்தி?"

அந்தத் தூண் இறங்கினால் மாடிச் சுவர் பிளந்துவிடும் என்றேன்.

"எங்கப்பா கட்டுன வீட்டுக்கு எவன் மண்ண டெஸ்ட் பண்ணான்? நாங்க பூவப் பாத்தோம், நீங்க குடத்தல்லா எண்ணிக்கிட்டு நின்னிய."

"பதினாறு" என்றேன். யாரோ சிரித்தார்கள்.

மேஸ்திரி எங்கள் இருவரையும் விட்டு என் மகளைப் பார்த்தார். வழிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவள் கேட்டாள். ஒரு மணி நேரம் என்றார். அவள் ஏணியில் இறங்கி, தானியத்தைக் கையால் அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"மாமா, தானியம் எங்கிட்ட இருக்கு. சேத்த மட்டும் அள்ளட்டும். பொறவு நானே போடுதேன்."

"நேரம் போயிருமேம்மா."

"போவட்டும் மாமா. இதுல குடியிருக்கப் போறது நாங்கதான."

சம்பந்தி போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். மருமகன் அப்பாவின் பின்னால் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, சேற்றுச் சட்டியை வாங்கி வெளியே கொட்டினான். கெட்டித் தரை தெரிந்த பிறகு அவள் தானியத்தை ஓரமாகப் போட்டாள். ஒரு கைப்பிடி இருக்கும். அது மக்கினால் என்னவாகும் என்று தோன்றியது, கேட்கவில்லை. கலவை விழும்போது ராகு காலம் தொடங்கியிருந்தது.

மதியம் பந்தியில் சம்பந்தி உட்காரவில்லை. மகள் இலையில் கட்டிக் காருக்கே கொண்டுபோனாள். கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டார்.