போக விட்டவையாம்

1991 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாள் அது. ஆகவே எங்கள் வீட்டு ஞாயிறுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. காலையில் பாணும் சம்பலும். அப்பா வேலை செய்த பேக்கரித் தொழிற்சாலையில் வடிவு குலைந்து, கடைக்கு அனுப்ப முடியாமல் போன பாண் அது. பிறகு அம்மா உடுப்புத் தோய்ப்பார். மெஷினில் போடுவதற்கு முன் அப்பாவின் வேலைச் சட்டைகளின் கழுத்துப்பட்டியைக் கையால் தேய்ப்பார். அப்பா பின்னால் இருந்த சிறு தோட்டத்தில் புல் வெட்டுவார். மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. பின்னேரம் எல்லாருக்கும் தேத்தண்ணி.

அந்த ஆகஸ்டில் இவற்றோடு ஒரு வேலை கூடியிருந்தது. அது என்னுடையது. மூட்டு நோவுக்குப் பெரியப்பா போடும் குளிசைகளின் போத்தலை ஒவ்வொரு காலையும் நான்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவுக்குப் போய், அங்கே ஒரு கொம்பனியில் இஞ்சினியராக இருந்தவர். வேளைக்கே ஓய்வு எடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஜூலைக் கடைசியில் லண்டன் மோர்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை, லீவு கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கு என் அறையைக் கொடுத்தார்கள். வேலை இல்லாத மனிதர் தினமும் விடியற்காலை எழும்பி, முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, போவதற்கு ஓர் இடம் இருப்பவர்போல முன்னறையில் உட்கார்ந்திருப்பார்.

ஊரில் இஞ்சினியர் என்றால் பாலம் கட்டுவார், குளம் கட்டுவார். பெரியப்பா மூடி செய்தவர். மருந்துப் போத்தல்களின் மூடி. கீழே அமத்திக்கொண்டு திருகினால்தான் திறக்கும் வகை.

"பிள்ளையள் திறக்க ஏலாத மூடி செய்து தா எண்டாங்கள்," என்று முதல் நாளே எனக்குச் சொன்னார். "செய்து குடுத்தன். பிள்ளையளைக் கூப்பிட்டு இருத்தி வைச்சுப் பாத்தால், ஒரு நாலு வயசுப் பொடியன் பல்லால கடிச்சுத் திறந்திட்டான். திரும்பவும் செய்தன், இன்னும் இறுக்கமா. இப்ப பார் பிள்ளை, உனக்கு ஏலுது. எனக்குத்தான் ஏலாது."

அவருடைய விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அம்மா குளிசைகளைச் சின்ன டப்பா ஒன்றில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். "வேண்டாம். நான் செய்த மூடிக்கு நானே பயந்து ஓடுறதோ?" என்றார்.

பெரியப்பா எங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். பத்து வருடங்களுக்கு முன் அவர் எங்களுக்காகப் போட்ட குடிவரவு விண்ணப்பம் அந்த வசந்தத்தில்தான் கைகூடியிருந்தது. அப்பா ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கட்டட வரைபடம் வரைபவராக இருந்தவர். லண்டனில் ஏழு வருடங்களாகப் பாண் தட்டுகளை லொறிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கொம்பனியில் வரைபடப் பகுதி ஒன்று இருந்தது. இருபது வருடம் அங்கே உழைத்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவுக்கு அதில் ஓர் இடம் கிடைக்கும். இது அப்பாவின் கணக்கு. அதற்கு முதலில் பாண் தொழிற்சாலைக்கு ஒரு மாத நோட்டிஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. அந்த வருடம் ஓர் இடம் காலியானால் அதற்கு நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். அதனால் அம்மாவுக்குப் பயம். எனக்கு ஒரு பயமும் இல்லை. அமெரிக்கா போகிறேன் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று சொல்லிப் பழகிக்கொண்டும் இருந்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு, வழக்கம்போல, ஆங்கிலத்தைப் பற்றியது. மோர்டனில் முடியும் ரயில் பாதையைப் பெரியப்பாவால் மன்னிக்க முடியவில்லை.

"பேர் நோதேர்ண் லைன். போய் முடியிறது தெற்கில. இவங்கட இங்கிலிஷ் முழுக்க இப்பிடித்தான். நேற்று அந்தக் கடைக்காரனை எப்பிடி யாவாரம் எண்டு கேட்டன். 'நொட் பாட்' எண்டான். அது நல்லமோ கூடாதோ?"

"முகத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்க வேணும், அண்ணை," என்றார் அப்பா. "ஆனால் எல்லாத்துக்கும் ஒரே முகம்தான் வைச்சிருப்பாங்கள்."

"அங்க அந்தக் கரைச்சல் இல்லை. எல்லாம் 'கிரேட்'. சரியா வரைஞ்சாலும் கிரேட், பிழைச்சாலும் கிரேட். நானும் இருபது வருசம் கிரேட்டாத்தான் இருந்தனான். கடைசி நாளும் 'கிரேட் ஜொப்' எண்டு சொல்லி, கையைக் குலுக்கி, வாசல் வரைக்கும் கூட வந்தவங்கள்."

"பாத்தீரே," என்று அப்பா அம்மாவிடம் பெருமையோடு சொன்னார். "இஞ்ச ஒருத்தன் வாசல் வரைக்கும் வருவானே?"

"வருவாங்கள்," என்றார் அம்மா, "பாண் களவெடுத்துக்கொண்டு போறியளோ எண்டு பாக்க."

எல்லாரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். கறி நல்லாயிருக்குது என்றார். ஆனால் சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது. பெரியப்பாவோடு முன்பு வேலை செய்த ஒருவர் அமெரிக்காவிலிருந்து எடுத்திருந்தார். போன் நடையில் இருந்தது. நான் மாடிப்படியில் இருந்தேன். பெரியப்பா ஆங்கிலத்தில், அங்குள்ளவர்களைப் போல நாக்கைச் சுருட்டி, வானிலையைப் பற்றி, மூட்டு நோவைப் பற்றிக் கதைத்தார். நடுவில் குரலைத் தாழ்த்தி, "தே லெட் மீ கோ, இன் மார்ச்," என்றார்.

நான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். டொக்டரிடமும் கவுன்சில் ஒபிசிலும் அம்மாவுக்காக நான்தான் கதைப்பேன். பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது. அதில் நான் கொஞ்சம் கர்வமும் கொண்டிருந்தேன். 'லெட் மீ கோ' எனக்கு நன்றாகத் தெரிந்த வசனம். பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, பிடித்தவரிடம் அப்படிக் கத்தினால் அவர் கையை எடுத்துவிடுவார். குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன்: "பெரியப்பாவை மார்ச்சில போக விட்டவையாம்."

"மனமில்லாமல்தான் விட்டிருப்பினம்," என்றார் அம்மா. "அவ்வளவு உழைச்ச மனிசன்." அதைப் போய் அப்பாவிடமும் சொன்னார். புல் வெட்டிக்கொண்டிருந்த அப்பா மெஷினை நிறுத்திக் கேட்டார். பிறகு மிச்சப் புல்லை மிக வேகமாக வெட்டி முடித்தார்.

பின்னேரத் தேத்தண்ணிக்கு எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தோம். அப்பா கதையைத் தொடங்கினார்.

"அண்ணை, நாளைக்கு மனேஜரிட்ட நோட்டிஸ் சொல்லப் போறன்."

"நாளைக்கோ?"

"ஓம். இனி என்னத்துக்குப் பிந்த வேணும்?"

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே," என்றார் பெரியப்பா.

"பத்து வருசம் பொறுத்தாச்சு, அண்ணை. நீங்கள் அந்த வரைபடப் பகுதி ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லி விடுங்கோ. அது போதும்."

பெரியப்பா கப்பைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். அவர் சொல்ல வேண்டியிருந்த விஷயத்துக்கு எங்கள் தமிழிலும் சொல் உண்டு: வேலையால் நிப்பாட்டிப்போட்டாங்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் சீமெந்து மூட்டை களவெடுத்தவனுக்கும் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனுக்கும் உரியது. அவர் அதைத் தன் தம்பியின் மேசையில், என் அம்மாவுக்கு முன்னால் வைக்க விரும்பவில்லை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"தம்பி. தே லெட் மீ கோ."

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் ஆங்கிலம் வந்தால் என்னைப் பார்ப்பது அவர் வழக்கம். "என்னவாம் பிள்ளை?"

"பெரியப்பாவைப் போக விட்டவையாம்," என்றேன்.

"அது தெரியுமண்ணை," என்று அப்பா சிரித்தார். "பிள்ளை மத்தியானமே சொல்லிப்போட்டுது. மனமில்லாமல் விட்டவங்கள் உங்கட சொல்லைத் தட்டுவாங்களே?"

பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் வரைக்கும் சிரித்தார். நாங்களும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தோம்.

"பிள்ளை சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை," என்றார் கடைசியில். "எழும்பு தம்பி. கொஞ்சத் தூரம் நடந்திட்டு வருவம்."

வெளியில் இன்னும் நல்ல வெயில். நான் மேலே ஓடிப்போய் ஜன்னலால் பார்த்தேன். இருவரும் தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் போய் நின்றார்கள். பெரியப்பா கதைத்தார். கதைக்கும்போது அவருடைய வலது கை, எதையோ கீழே அமத்தித் திருகுவதுபோல, திரும்பத் திரும்ப அசைந்தது. மூடியைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று நினைத்தேன். அப்பா அந்தப் பக்கம் இருந்த வீட்டின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். எனக்கு அதிசயமாக இருந்தது. பிறத்தியாரின் சுவரில் கை வைத்தால்கூட என்னை ஏசுகிறவர் அவர். வெகுநேரம் அப்படியே இருந்தார். திரும்பி வரும்போது பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவுக்குக் கால் நோகிறது போலும் என்று எண்ணினேன்.

அப்பா குசினி வாசலில் நின்று, "இஞ்சேரும், நாளைக்கு வழமை மாதிரிச் சாப்பாடு கட்டும்," என்றார். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். பாணை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

"அப்பா, அப்ப மனேஜரிட்ட நோட்டிஸ் சொல்லப் போறேல்லையோ?"

"பாப்பம், பிள்ளை."

எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை. அதை மட்டும் யாரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. எனக்கு அழுகை வந்தது. வகுப்புக்கு இனி என்ன சொல்வது? பெரியப்பா முன்னறையில் விளக்குப் போடாமல் இருந்தார். எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்து, முகத்தை நீட்டிக்கொண்டு அவரிடம் போய் நின்றேன்.

"வாடர் வேணுமோ, பெரியப்பா?"

"தண்ணி எண்டு சொல்லு," என்றார், கண்ணைத் திறக்காமல். "குடிக்கிறன்."

செப்டம்பரில் அவர் திரும்பிப் போனார். அங்கே ஒரு கடையில் ஆணியும் திருகாணியும் விற்றதாகப் பின்னாளில் பெரியம்மா போனில் சொன்னார். நாங்கள் போகவில்லை. 1996இல் பாண் தொழிற்சாலையை மூடினார்கள். அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "தே லெட் மீ கோ," என்றார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

ஆனால் அன்றைய ஞாயிறுக்கு அடுத்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல அப்பா விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். நான் எழும்பி, என் வேலையைச் செய்யக் கீழே வந்தேன். மேசையில் ஒரு தேத்தண்ணிப் பீரிசு இருந்தது. அதில் ஒரு குளிசை. பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், மேலே இன்னொரு பீரிசு போட்டு மூடியபடி. குளிசைப் போத்தல் திறந்து கிடந்தது. மூடி தனியாக, மல்லாக்க இருந்தது. அப்பா போகும்போது திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மூடியை எடுத்துப் போத்தலில் வைத்து, கீழே அமத்தி, இறுக்கித் திருகி மூடினேன்.