முன்பக்கத்து மேசை

அரியலூரில் அந்தச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பெருமை பேசாத ஆளை நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கடையை ஒட்டி, குடிக்க வருகிறவர்களுக்குக் கறியும் சோறும் போட ஆரம்பித்த கடை. அரசாங்கம் கள்ளுக்கடையை மூடும், திறக்கும், திரும்ப மூடும். சாப்பாட்டுக் கடை மட்டும் மிலிட்டரி ஓட்டல் என்று பலகை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. யாரோ ஒரு துரை ரயிலை விட்டு இறங்கி வந்து இங்கே கோழிக்குழம்பு சாப்பிட்டானாம். அவன் உட்கார்ந்த நாற்காலியை இன்னமும் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு கால் ஆடும். மூன்று தலைமுறையாக ஒரே ருசி என்பார் முதலாளி. மூன்று தலைமுறையாக மேசை துடைக்க ஒரே துணி என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பேன்.

என் அப்பா அந்தக் கடைக்கு விறகு போட்டவர். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் வெட்டிய விறகை வண்டியில் ஏற்றி வருவார். வண்டி எங்களுடையதில்லை, தோப்புக்காரருடையது. விறகை இறக்கி அடுக்கியதும் அவருக்குச் சாப்பாடு உண்டு. எங்கே? கொல்லையில், விறகு அடுக்கின் ஓரமாக, தரையில். ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த எங்கள் தெருக்காரர்கள் கடையின் முன்பக்கம் ஏறக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தது ‘அனைவரும் வருக’ என்றுதான். அதை யாரும் மதிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. சேருகிற அன்றைக்கு அப்பாவும் கூட வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினோம். அரியலூரில் பஸ் மாற வேண்டும். நல்ல மத்தியான நேரம். நான் முதல் நாளே முடிவு செய்திருந்தேன்: அப்பாவை அந்தக் கடையின் முன்பக்கத்தில், காற்றாடிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார வைத்து வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டும். முதலாளி அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட இந்த வெறிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பசிக்கிறது என்று அப்பாவே சொன்னார். கடையைப் பார்த்து அவரே முன்னால் நடந்தார். வாசல் வந்ததும் அவர் கால் தானாகப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியது.

“அப்பா, இப்படி வாப்பா. முன்னாடி போவலாம்.”

“நீ போ தம்பி. நான் பின்னாடி போயிக்கிறேன்.”

“இப்பல்லாம் ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். சட்டம் இருக்குப்பா.”

“அது இருக்கட்டும். முன்னாடி உக்காந்தா அளந்துதான் போடுவானுங்க. ரெண்டே துண்டு, அதுலயும் ஒண்ணு எலும்பு. பின்னாடின்னா சமையக்காரம்மா சட்டியோட சாய்ச்சுரும். ஒனக்கு என்னா தெரியும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டி கீழே இறங்கியிருந்தது. பெரம்பலூரில் தலைமையாசிரியர் முன்னால்கூட இறங்காத துண்டு அது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் படியேறினேன்.

“வாங்க சார், வாங்க” என்றார் முதலாளி. கல்லாவில் உட்கார்ந்தபடியே பாதி எழுந்தார். என் பேன்ட்டுக்குக் கிடைத்த மரியாதை. காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தேன். கைக்குட்டை அகலத்துக்கு ஓர் இலை வந்தது. சோறு வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பில் இரண்டு துண்டு வந்தது. ஒன்று எலும்பு.

பக்கத்து மேசையில் நெல் தரகர்கள் நாலு பேர். எலும்பை உறிஞ்சுகிற சத்தத்துக்கு நடுவே, இந்த ருசி திருச்சியில்கூடக் கிடையாது என்று ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டையில் குழம்பு வழிந்திருந்தது. இன்னொருவர் ஏப்பத்தை ஏதோ விருது வாங்கியதுபோல் விட்டார். இவர்களோடு சரிசமமாக உட்காரவா நான் இத்தனை வருஷம் படித்தேன் என்று தோன்றியது. குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாதான். அதைத் தாண்டி அப்பாவின் குரல் கேட்டது.

“என்னாம்மா வெறகு இது, பச்சச் சவுக்கு! கொழம்பு பொகையிலயே வெந்துரும் போலருக்கே.”

“நீ போடுறத நிறுத்துனப்பறம் இந்தக் கருமாந்தரந்தான். வாய மூடிக்கிட்டுத் தின்னு. இந்தா, ஈரலு” என்றாள் ஒரு பெண். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதலாளிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். கல்லாவை விட்டு இறங்கி வந்து படுதாவைப் பார்த்துக் கத்தினார்.

“எவன்டா அது சத்தம் போடுறது? தின்னமா கெளம்புனமான்னு இருக்கணும்.”

“கெளம்பிட்டேன் மொதலாளி” என்றது அப்பாவின் குரல். அதில் சிரிப்பு துளியும் இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். முகத்தில் பல் தெரிந்தது. “பழைய வெறகுக்காரன் சார். வாசனை புடிச்சே வந்துருவானுங்க. சாரு தனியாவா வந்திருக்கீங்க?”

வேறென்ன வேண்டும்? நான் ஏங்கிக் காத்திருந்த நேரம் தானாகவே மேசைக்கு வந்து நின்றது. ‘அவர் எங்கப்பா’ என்று சொன்னால் போதும். தரகர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க. தனியாத்தான்” என்றேன்.

“சாருக்கு இன்னொரு கரண்டி கறி வைய்யி” என்று முதலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வைத்தார்கள். அதையும் தின்றேன். அந்தக் கடையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களிலேயே கேவலமான ஆள் நான்தான். துரையின் நாற்காலியையும் தரகனின் ஏப்பத்தையும் நான் இத்தனை வருஷமாகக் கேலி பேசித் திரிவதெல்லாம் அதை மறைக்கத்தான்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். ஜெயங்கொண்டம் பஸ் கடைக்கு எதிரிலேயே நிற்கும். அப்பா புளியமரத்தடியில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனதும் நாலடி விலகினார். இன்னும் கிட்டே போனேன்.

“தள்ளி நில்லு தம்பி” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. “மொதலாளி வாசல்லேருந்து பாக்குறாரு.”