இரண்டு விநாடிப் பொறுமை

ஓரங்களில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். அதில் மூன்றே வரிகள். தென்காசி, ஆஜர். மேலகரம், ஆஜர். குற்றாலம், ஆப்சென்ட். இங்கிலீஷில் புள்ளி புள்ளியாக அச்சாகியிருக்கும். அந்த ஆனி மாதம் தினமும் காலை எட்டு மணிக்கு அதைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வைத்தவன் நான். அந்த மூன்றாவது வரி பொய். அந்தப் பொய்யைச் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் முதலாளிக்குத் தென்காசி, மேலகரம், குற்றாலம் என மூன்று இடத்தில் லாட்ஜ் இருந்தது. சீசன் வந்தால் எந்த லாட்ஜில் எந்த ரூம் காலி என்று தெரியாமல் ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு முழிப்பார்கள். அதற்காகத் தென்காசி ஹெட் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரும், லாட்ஜுக்கு ஒரு டெர்மினலும் வாங்கி, டெலிபோன் கம்பி வழியாக இணைத்தார். டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, பக்கத்தில் கம்பி வந்து சேரும் ஒரு பெட்டி. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த ஒரே காரணத்தால் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஊரில் எனக்கு இருந்த மவுசைச் சொல்லி முடியாது. தலையில் கனம் ஏற அது போதாதா?

குற்றாலத்து டெர்மினலில் உட்கார்ந்தவரை அக்கா என்றே கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கணவர் பம்பாயில் ஏதோ கம்பெனியில் இருந்தார், பணம் வந்தால் வரும். இரண்டு பெண் பிள்ளைகளையும் மேலகரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி வைத்துவிட்டு ஏழேகால் பஸ்ஸைப் பிடிப்பார். சீசன் முடிந்ததும் வேலையை நிரந்தரம் ஆக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கம்பி அடிக்கடி அறுந்துபோகும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். எங்கள் ஊரில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி அதற்கு ‘ஏலே’ என்று பெயர் வைத்தேன். ‘ஏலே’ என்று டைப் செய்து ஒரு தட்டு தட்டினால், அது மூன்று டெர்மினலையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கும். டெர்மினல் போட்டிருந்தால் அதுவே குரல் கொடுக்கும். இரண்டு விநாடிக்குள் குரல் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஏன் இரண்டு விநாடி? சித்திரை வெயிலில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் அரை விநாடிக்குள் பதில் சொன்னது. இரண்டே தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் அதைப் பார்த்தார். கண் மின்னியது. “பதில் இல்லன்னா எனக்கு என்னவே புரியும்? எட்டு மணிக்கு வாரவ எட்டு மணிக்குப் பொட்டிய போடணும். போடலன்னா ஆளு வரலன்னு அர்த்தம். ஆப்சென்ட்னு போடும்வே” என்றார். கம்பியைச் சோதிக்க எழுதியது ஆளைச் சோதிக்கப் போனது. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தேன். பெரிய மனிதர் நம் வேலையை மதிக்கிறாரே என்ற பூரிப்பு.

அக்கா என்னிடம் முன்கூட்டியே சொன்னார், அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்த இரண்டாம் நாள், குற்றாலத்துக்குப் புது பில் கட்டு கொண்டுபோன என்னை நிறுத்தி வராந்தாவைக் காட்டினார். எங்கள் டெலிபோன் கம்பி அந்த வராந்தா ஓரமாகத்தான் போகிறது. விடியற்காலையிலேயே அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள், ஈர வேட்டி, துண்டு, சேலை என்று சகலத்தையும் அந்தக் கம்பியின் மேல் காயப் போட்டிருந்தார்கள். குற்றாலத்துக்கு வருகிறவனுக்குக் கம்பி என்று ஒன்று கண்ணில் பட்டால் அது கொடிக்கயிறுதான். தண்ணீர் சொட்டி, கம்பி வந்து சேரும் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. “தம்பி, காலையில இந்தப் பொட்டி ரொம்ப முக்குது. எழுத்து ஒண்ணொண்ணா வருது. பத்து மணிக்குக் காஞ்ச பெறவுதான் சரியாவுது. என்னன்னு பாருங்களேன்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மிஷினுக்கு என்னக்கா சாரலு, வெயிலு? அது அது பாட்டுக்கு வேல செய்யும்” என்று கேலி பேசிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையில் பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன்.

பதினெட்டு நாள் தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தது. மேனேஜர் முதலாளி முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். “அந்தப் பொம்பள எட்டு மணிக்கு டாண்ணு வாரேன்னு சத்தியம் பண்ணுதா. உம்ம மிஷின் பொய் சொல்லுமாவே?” என்று கேட்டார். மிஷின் பொய் சொல்லாது என்றேன். அந்த வாயில் ஒரு பிடி மண்ணைப் போட வேண்டும். அன்று சாயங்காலமே அக்காவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த நாற்காலியில் மேனேஜரின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்க நான் காலை ஏழரைக்கே குற்றாலம் போனேன். நல்ல சாரல். டெர்மினலை என் கையால் போட்டேன். பச்சை எழுத்து மின்னிக்கொண்டு நின்றது. எட்டே கால் மணிக்கு ரிசப்ஷன் கிளார்க் வந்து, ஹெட் ஆபீசிலிருந்து போன் என்றார். எடுத்தால் மேனேஜர். நான் இல்லாததால் அன்று அவரே ‘ஏலே’ தட்டிப் பார்த்திருக்கிறார். “ஏம்வே, முதல் நாளே என் மச்சினன் ஆப்சென்ட்னு வருது?” என்று கத்தினார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தேன். கம்பியில் வரிசையாக ஈரத்துண்டுகள்.

அன்றைக்கே தென்காசி திரும்பி, இரண்டை இருபதாக மாற்றினேன். ஒரே ஓர் எண். அரை நிமிஷ வேலை. மறுநாள் காலை மூன்று வரியும் ஆஜர். குற்றாலம் பதில் சொல்ல ஏழு விநாடி எடுத்திருந்தது, அவ்வளவுதான். தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அக்கா ஒரு நாள்கூட லேட் இல்லை, தப்பு என்னுடையது, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். “மிஷின்னா கோளாறு வரத்தான் செய்யும், அதுக்கு என்ன இப்போ? போனவ போவட்டும். உம்ம சோலியப் பாரும்” என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அக்காவுக்குப் பொய்யே சொல்லாத மிஷின், மச்சினனுக்கு மட்டும் ஒரே நாளில் கோளாறு ஆகிவிட்டது. முதலாளியிடம் போனேன். மேனேஜரைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் பேசப் போய்விட்டார். வேலையை அவர்கள் முகத்தில் விட்டெறிந்தேன் என்று எழுதத்தான் ஆசை. எறியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே சம்பளம் வாங்கினேன்.

மேனேஜர் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குக் கணக்கில்லை. ஆனால் அவர் அயோக்கியர், அயோக்கியர் செய்வதைச் செய்தார். எனக்கு என்ன கேடு? இப்போது சென்னையில் எங்கள் ஆபீசில் பிள்ளைகள் உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் உடனே “செத்துப்போச்சு சார்” என்கிறார்கள். நான் எரிந்து விழுகிறேன். கிழவனுக்கு என்ன இத்தனை கோபம் என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

அந்த வாரமே மேலகரத்தில் அக்கா வீட்டைத் தேடிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி, ஈரத்துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரியைக் கீழே வைக்காமல் முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “அதெல்லாம் எனக்கு என்ன தெரியும் தம்பி? நான் அங்கனதான இருந்தேன். ரிசப்ஷன்ல போன் இருந்துச்சு. ஒரு நாளாவது போன் போட்டு, ‘அக்கா, வந்துட்டியளா’ன்னு கேட்டிருக்கலாம்லா?” என்றார்.

அந்தப் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். அந்த மாதம் முழுக்கக் காலையில் அதற்குப் போன் போட்டிருக்கிறேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பதற்காக.