நல்ல சேதி கேட்டு மயங்கி விழுந்தவள்

நாலோங்கோவுக்கு இதுவரை எந்தப் படமும் பிடித்ததில்லை. ஆனால் கியெங்கேரா ஊரில் அவளைவிட அதிகம் படம் பார்த்தவர்களும் யாரும் இல்லை. டாக்சி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. விடியலில் வாழைக்காய் தோல் சீவ உட்கார்ந்தால், மத்தோக்கே மசியல் வேகவைத்து, நிலக்கடலைக் குழம்பு காய்ச்சி, ஓட்டுநர்களுக்கெல்லாம் பரிமாறி, பானை கழுவி முடிக்க மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் கால் இரண்டும் வீங்கிப் போயிருக்கும். அடுத்த சுவர்தான் வீடியோக் கொட்டகை. உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். படம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

உட்கார்ந்த பிறகு வாய் சும்மா இருக்காது.

"சீனாக்காரன் பறக்கிறான், சுவத்துல நடக்கிறான். ஒருத்தன் ஒரு வாய் சோறு தின்னு நான் பாக்கல. தெம்பு எங்கேருந்து வருது?" என்பாள். "நைஜீரியாப் படத்துல பாஸ்டர் வந்தாத்தான் பேய் ஓடும். அந்தப் பாஸ்டர் ரெண்டாம் பாகத்துலதான் வருவாரு. அதுவரைக்கும் நான் எதுக்கு அலறலைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்?" அமெரிக்கப் படத்தில் நகரம் முழுக்க இடிந்து விழுந்தால், "யாரு கூட்டறது இதை?" என்று கேட்பாள்.

"பிடிக்கலேன்னா ஏன்க்கா வர்ற?" என்று முன் பெஞ்சிலிருந்து ஷேர் டாக்சி கண்டக்டர் வாஸ்வா சீண்டுவான்.

"உன் வண்டியில என்னைக்காவது எனக்கு உக்கார இடம் குடுத்திருக்கியா? இங்க பெஞ்சு இருக்கு."

அந்தக் கொட்டகையில் சீன மொழியோ இந்தியோ தெரிந்தவர் யாரும் கிடையாது. அதற்குத்தான் வீஜே கலூலே இருந்தான். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, படத்தில் பேசுவதையெல்லாம் ஊர் மொழியான லுகாண்டாவில் சொல்லுவான். பேசாததையும் சொல்லுவான். வில்லனுக்கு ஊரில் யாருக்கும் பிடிக்காத வரி வசூல்காரன் பேரை வைப்பான். ஹாங்காங் போலீஸ் நம் சந்தியில் நின்று லஞ்சம் வாங்கும். சனங்கள் படத்துக்காக வந்தார்களா, கலூலேக்காக வந்தார்களா என்று கேட்டால் கொட்டகை முதலாளியே முழிப்பார்.

இரட்டைப் பிள்ளை பெற்றதால் அவள் நாலோங்கோ. அதே கணக்கில் அவள் புருஷன் சாலோங்கோ. எல்லை தாண்டி ஜூபாவுக்குச் சரக்கு லாரி ஓட்டப் போனவன். போய் ஐந்து வருஷம் ஆகிறது. முதலில் போன் வந்தது, பிறகு மணி மட்டும் அடித்தது, பிறகு அதுவும் இல்லை. கொழுந்தன் லுவாங்கா கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வந்து பேச்செடுப்பான். உடல் கிடைக்காதவனுக்கு வாழைத்தண்டைப் புதைத்து, சடங்கு முடித்து, வாரிசை உட்கார வைத்துவிட வேண்டும் என்பான். அவன் சொல்வதும் நியாயம்தான். நாலோங்கோ மட்டும் அசையவில்லை.

"உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குத் தண்டு? வந்து நின்னா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனால் கொட்டகைப் படங்களில் காணாமல் போன புருஷன்மார்கள் ஒருத்தன் விடாமல் திரும்பி வந்தார்கள். "அரைச்ச மாவையே அரைக்கிறான். கதை எழுதறவனுக்கு வேற ஒண்ணும் தோணாதா?" என்று திட்டுவாள். திட்டிவிட்டுப் போன ராத்திரிகளில் நன்றாகத் தூங்குவாள்.

ஓர் இந்தியத் தொடரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒருத்தியின் வளையலை உடைத்து, நெற்றிச் சிவப்பை அழித்தார்கள். "வீட்டுக்காரன் வர்றான், பழசெல்லாம் எதுக்கு, புதுசு போட்டுக்கோன்னு சொல்றாங்க!" என்றான் கலூலே.

"கழட்டி வெச்சா ஆகாதா? பண்டத்தோட அருமை தெரியாத பொம்பளைங்க" என்று நாலோங்கோ முகம் சுளித்தாள்.

பிறகு அந்தச் சீனப் படம் வந்தது. புருஷன் சண்டைக்குப் போயிருக்கிறான். தொப்பி வைத்த அதிகாரி ஒருவன் வாசலில் வந்து ஏதோ சொல்கிறான். அவள் அப்படியே சரிந்து விழுகிறாள். "உன் புருஷன் அடுத்த ரயில்ல வர்றான்மா! சந்தோஷத்துல மயங்கிட்டா பாருங்க!" என்றான் கலூலே. கொட்டகை கைதட்டியது.

"நல்ல சேதிக்கு இப்படியா விழுவா? நடிக்கத் தெரியல" என்றாள் நாலோங்கோ. அடுத்து அந்தப் பெண் முரட்டு வெள்ளைத் துணி உடுத்தி வந்தாள். வரவேற்புக்குப் புதுத்துணி என்றான் கலூலே. "வரவேற்புக்கு எவளாவது இடுப்புல கயிறு கட்டுவாளா? இடுப்புல கட்டுறது சாவுக்கு."

"அது நம்ம ஊருல. சீனாவுல வேற மாதிரி" என்றான் வாஸ்வா. அவளும் சரி என்று விட்டுவிட்டாள். மற்றவர்கள் ஊர் வழக்கத்தில் மூக்கை நுழைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மழைக்காலத்தில் சனங்கள் கேட்டார்கள் என்று அதே படத்தை மறுபடி போட்டார்கள். பாதியில் மைக் செத்துவிட்டது. கலூலே அதைத் தூக்கிக்கொண்டு பற்றவைக்க ஓடினான். நிறுத்தினால் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று முதலாளி படத்தை ஓட விட்டார். தொப்பிக்காரன் வாசலுக்கு வந்தான். வாயசைத்தான். அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லித்தர யாரும் இல்லாததால் நாலோங்கோவும் அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். எத்தனை துக்க வீட்டுக்கு அண்டா சுமந்திருக்கிறாள். விழுந்தவள் சந்தோஷத்தில் விழவில்லை. அந்தக் கயிறும் சீனாவுக்கென்று வேறு இல்லை. வளையல் உடைத்த இந்தியாக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். பிள்ளை செத்தால் செத்தான் என்று சொல்கிற கலூலே, வீடு எரிந்தால் எரிந்தது என்று சொல்கிற கலூலே, புருஷன் விஷயத்தில் மட்டும் ஏன் வாய் மாறினான் என்று அப்போதுதான் யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. எழுந்து வெளியே போய் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கலூலே மைக்கோடு திரும்பி வந்தபோது கூப்பிட்டாள்.

"அந்த ஆபீசர் என்ன சொன்னான்?"

"அதான் அன்னைக்கே சொன்னேனேக்கா, ரயில்ல..."

"கலூலே."

அவன் மைக் ஒயரைக் கையில் சுற்றினான், பிரித்தான். "எனக்குச் சீன பாஷை தெரியாதுக்கா."

"எனக்கும்தான் தெரியாது. மூஞ்சி தெரியுதுல்ல? எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாரு வந்து உன்கிட்ட சொன்னது?"

கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேண்டும். கலூலே குந்தி உட்கார்ந்தான். ஒரு லாரி ஓட்டுநர் படம் பார்க்க வந்தானாம், ரெண்டு வருஷம் இருக்குமாம். எல்லையில் நிமுலே தாண்டி யாரோ வழிமறித்து வண்டிகளைக் கொளுத்தினார்களாம். அதில் சாலோங்கோவின் வண்டியும் இருந்ததாம். கண்ணால் பார்த்ததாகச் சொன்னானாம்.

"ரெண்டு வருஷமா என் கையால சோறு வாங்கித் தின்னியே."

"தின்னேன்."

"எப்படிடா இறங்குச்சு?"

"சாவுச் சேதியைச் சொந்தக்காரன் கொண்டு வரணும்க்கா. நான் யாரு? படம் சொல்றவன். இந்தப் படத்துல சொல்லிடலாம், இந்தப் படத்துல சொல்லிடலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நீ பின்னாடி காலை நீட்டி உக்காந்திருப்ப. வாய் வேற பக்கம் திரும்பிடும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவனை அறையக்கூடத் தோன்றியது. கை எழவில்லை. ஐந்து வருஷக் களைப்பு மொத்தமும் அன்றைக்குத்தான் வந்து அவள் மேல் உட்கார்ந்தது. அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அவருதான் ஓட்டிக்கிட்டு இருந்தாரா?"

"இல்லக்கா. கூட வந்தவன் ஓட்டினான். இவரு பின்னாடி படுத்துத் தூங்கிட்டிருந்தாரு. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

நாலோங்கோ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"இது அந்த டிரைவர் சொன்னதா, நீ சொல்றதா?"

கலூலே மறுபடி மைக் ஒயரைச் சுற்றத் தொடங்கினான். உள்ளே சனங்கள் அவனைக் கேட்டு விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி விடு" என்றாள் அவள். "தூங்கிட்டுத்தான் இருந்தாரு. லுவாங்காவுக்கு ஆள் விடறேன். அவன் வந்தா நீயே சொல்லு. இப்ப சொன்ன மாதிரியே சொல்லு. என் புள்ளைங்ககிட்டயும்."