வசம்பு வைத்த பெட்டி

பேரனின் மூத்திரத்துணிகளைத் துவைத்து அடுக்கி, நடுவில் வசம்பு வைத்தாள் மகள். அந்த வாசனை வந்ததுமே நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

நான் பள்ளிக்குப் போன வயதில், உப்பேரிக் கரையிலிருந்த தோணிரேவில் அம்மா முழுகாமல் இருந்தபோது, நைனாவின் பழைய லுங்கிகளைக் கிழித்துச் செய்த எங்கள் குழந்தைத்துணிகளைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

"ஏரித் தண்ணில அலசாத, உப்பு புடிச்சி பாப்பாவுக்கு இடுப்பு புண்ணாயிடும். பைப்புத் தண்ணில அலசு."

"பாப்பாவ யாரும்மா பாத்துப்பாங்க?"

"அத்த வரும். நீ இஸ்கூலுக்குப் போ."

நம்பினேன். குடம் குடமாகச் சுமந்து அலசி, வலை உலர்த்தும் கம்பில் காயப்போட்டேன்.

தங்கச்சி பிறந்தாள். அத்தை வரவில்லை; அவளை அம்மா கூப்பிடவே இல்லை. அம்மா மீன்கூடையைத் தூக்கினாள், நான் பிள்ளையைத் தூக்கினேன்.

காலியான பெட்டியில் அம்மா என் புத்தகங்களை அடுக்கி வசம்பு வைத்தாள். "பூச்சி அரிக்காது, பயப்படாத" என்றாள்.

அரிக்கவே இல்லை. இன்னும் புதுசாகவே இருக்கின்றன.