தவறணையில் மச்சானின் கோப்பை

என் தங்கை குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தவறணைக்குள் நுழைந்த அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. களுவாஞ்சிக்குடியில் வாவிக் கரையோரம், கிடுகு வேய்ந்த அந்தக் கள்ளுத் தவறணையில் அதுவரை ஒரு பெண் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வாங்குப் பலகைகளில் இருந்த அத்தனை பேரும் கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தோம். நானுந்தான்! பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவன், தங்கைக்குப் பயந்து.

அவள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே முதலாளியிடம் போனாள். "அண்ணே, இவருக்கு இனி ஊத்தப்படா. ஈரல் பழுதாப் போயிட்டாம். இனிக் குடிச்சா ஆள் தப்பாதெண்டு டாக்குத்தர் சொல்லிட்டார்." இவர் என்றது அவள் புருஷனை, என் மச்சானை. முதலாளி தலையைச் சொறிந்தார். "ஊத்தமாட்டன் தங்கச்சி. ஆனா வராதயெண்டு சொல்ல என்னால ஏலாது."

கல்லடிப் பக்கம் இப்போது குளிரூட்டிய மதுச்சாலைகள் வந்துவிட்டன. மெத்தைக் கதிரை, நீல வெளிச்சம். என் மகன் ஒருமுறை கூட்டிப் போனான். எந்த ஊர் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு விசர் பிடித்தது. எங்கள் தவறணையில் வாங்கு ஆடும், கூரை ஒழுகும், பொரித்த மீனில் பூனை பங்கு கேட்கும். ஆனால் ஒருவனைக் கொஞ்ச நாள் காணாவிட்டால் யாராவது அவன் வீட்டுப் படலை வாசலில் போய் நிற்பார்கள். வேறென்ன வேண்டும் மனிதனுக்கு?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கையில் கோப்பை இல்லாதவன் வாங்கில் இருக்கக்கூடாது. குடிக்காமல் இருப்பவன் கதை கேட்டு எங்கேயோ கொண்டுபோய்ச் சொல்பவன் என்ற சண்டைக் காலத்துப் பயம், இன்னும் போகவில்லை. அது தெரிந்துதான் மச்சான் மறுநாள் வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தார். முதலாளி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து இருத்தி, மச்சானின் சில்வர் கோப்பையை நிரப்பிக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். இளநீர்.

அதன் பிறகு தினமும் அதுதான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சானோ இளநீரைக் குடித்துவிட்டு, நாக்குக் குழற, மண்டூர்க் கோயில் தீர்த்தத் திருவிழாவில் செருப்புத் தொலைத்த கதையைச் சொல்வார். போகும்போது என் தோளில் சாய்ந்து, "பிடி மச்சான், இண்டைக்குக் கொஞ்சம் கூடிட்டு" என்பார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் முதலாளி காய்ச்சலில் படுத்துவிட, அவர் மருமகன் வந்து நின்றான். விஷயம் தெரியாதவன். மச்சானின் கோப்பையில் கள்ளை நுரைக்க நுரைக்க ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டான். தட்டிப் பறிக்க எழுந்தேன். பறித்தால் ஊரறிய அவர் மானம் போகும். பிறகு எந்த முகத்தோடு இங்கே வருவார்? வராவிட்டால் வீட்டு மூலையிலேயே முடிந்துபோவார். மச்சான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். எனக்குத் தங்கையின் முகம்தான் வந்தது. கடவுளே என்று நின்றேன்.

மச்சான் கண்ணைத் திறந்து கோப்பையைத் திருப்பி நீட்டினார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"மனே, இதில எனக்கு வெறி ஏறாது. அங்கால இளநி கிடக்கு, வெட்டி ஊத்து. உன்ட மாமா எனக்குத் தாற சாமான் அதுதான்."